ஆள் இல்லாத வீட்டின் ஈரம்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று காலை பத்து மணி முதல் நான் ஆராய்ச்சியாளன். உலகம் குறித்துக்கொள்ளட்டும்.

லாக்லன் மக்கென். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன். எங்கள் மழைக்கார ஊர் கிரீனக்கின் மேடுகளையெல்லாம் இரண்டாம் கியரில் ஏறி அடக்கியவன். முதுகு மக்கர் செய்ததால் வீட்டில் உட்கார்ந்து புறாக்களைத் திட்டிக்கொண்டிருந்தவனைப் பல்கலைக்கழகம் கண்டெடுத்து, "பகுதிநேர சமுதாய ஆராய்ச்சி உதவியாளர்" என்று அட்டை அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டது. படத்தில் கோழி திருடிப் பிடிபட்டவன் மாதிரி இருக்கிறேன்.

வேலை இதுதான். எங்கள் கட்டடத்தில் வீடு வீடாகப் போய், சுவர் ஈரம், பூஞ்சை, குளிர் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். ஈரம் அளக்கும் ஒரு டப்பியை நீட்டி அளக்க வேண்டும். போன வருடம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்து தட்டியபோது ஒரு கதவும் திறக்கவில்லையாம். "உங்களுக்குத் திறப்பாங்க, லாக்லன். நீங்க இங்கயே இருக்கிறவர்" என்றாள் டாக்டர் ரொவீனா. எடின்பரோக்காரி. ஊசி போடாத வகை டாக்டர். இஸ்திரி போட்ட மாதிரி பேசுகிறாள்.

இந்தக் கட்டடம் வீட்டுச் சங்கத்துக்குச் சொந்தம். நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். இந்த வருடம் ஒரே ஒரு கட்டடத்தின் சுவர்களைத்தான் பிரித்துச் சரிசெய்வார்களாம் - எங்களுடையதா, மலையடியில் இருக்கிற கீழ்க்கட்டடமா என்று மார்ச்சில் முடிவு. சங்கத்து அதிகாரி ஆர்பக்கிள் பல வருடமாக ஒரே பாட்டு: "ஈரம் சுவத்துல இல்ல, நீங்க வாழுற விதத்துல இருக்கு. கெட்டில் கொதிக்க விடுறீங்க, துணிய உள்ள காயப்போடுறீங்க, ஜன்னலத் திறக்க மாட்டேங்கறீங்க." அதாவது, நாங்கள் மூச்சு விடுவதுதான் குற்றம். அது உண்மையா என்று ஆராய்ச்சி சொல்ல வேண்டும்.

முதல் கதவு, தரைத்தளத்து செங்கா ரென்னி. பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்து ஓய்வுபெற்றவள். குடியிருப்போர் குழுவின் தலைவி. இந்த ஊரில் பாதிப் பேர் அவள் ஊற்றிய சூப்பையும் அவள் வாயையும் வாங்கி வளர்ந்தவர்கள். மாடிப்படி கழுவுகிற முறை அட்டை என் கதவில் தொங்கும் வாரமெல்லாம் எனக்கும் அவளுக்கும் உலகப்போர்.

"கழுத்துல என்னடா லாக்கி? தொலஞ்சு போனா கொண்டாந்து விடுறதுக்கா?"

"இது அடையாள அட்டை. நான் பல்கலைக்கழகம்."

"நீ பல்கலைக்கழகமா? படிக்கட்டக் கழுவத் தெரியாதவன் பல்கலைக்கழகமா? சங்கத்துக்கு வேவு பார்க்கறேன்னு நேராச் சொல்லேன்."

கதவு. என் மூக்கு இன்னும் நீளமாக இருந்திருந்தால் இன்று குட்டையாகியிருக்கும்.

அக்டோபர் 22, புதன்

நாளை ரொவீனா என் வீட்டிலேயே முதல் அளவு எடுத்து எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அதனால் இன்று குளியலறைச் சுவருக்கு வெள்ளையடித்தேன். கறுப்பாக ஒரு கண்டமே படர்ந்திருந்தது. ஆப்பிரிக்கா அளவு இல்லை, ஆனால் ஆஸ்திரேலியா தாராளம். இதற்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமில்லை. ஆள் வரும்போது சுவர் அப்படியா இருக்கும்? நான் என்ன காட்டுவாசியா?

ஹீட்டரையும் காலையிலிருந்தே போட்டுவிட்டேன். டாக்டர் குளிரில் நடுங்கினால் எனக்குத்தான் கேவலம்.

அக்டோபர் 23

ரொவீனா டப்பியைப் பார்த்தாள். "நல்லாருக்கே, உங்க வீடு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

கதவுகள் திறக்கின்றன. ஆனால் எப்படித் திறக்கின்றன! நாய் கடிக்க வாய் திறப்பது மாதிரி.

விதி என்னவென்றால், போகிற வீட்டுக்கு ஒரு நாள் முன்னால் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் போய் நின்றால் அது அறமில்லையாம். பல்கலைக்கழகத்தில் அறத்துக்கென்றே ஒரு குழு உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறது. சரி, சொல்லிவிட்டே போனேன்.

போன வீடெல்லாம் ப்ளீச் வாசனை. கண் எரிந்து நான் அழுததைப் பார்த்து இரண்டாம் மாடி ஆள், "மனைவி ஞாபகமா?" என்று கேட்டான். நான் கல்யாணமே செய்துகொள்ளாதவன் என்பது அவனுக்குத் தெரியும். வேண்டுமென்றே கேட்டான், கழுதை.

எல்லோர் வீட்டு முன்னறையிலும் ஹீட்டர் நெருப்பாய்க் கொதிக்கிறது. மேசைமேல் செர்ரி வைத்த பிஸ்கட். கேள்வி கேட்டால் பதில் ஒரே மாதிரி. வீட்டில் குளிர் இருக்கிறதா? "சமாளிச்சுக்கிறோம்." பூஞ்சை? "எங்க வீட்லயா? எங்க வீடு சுத்தமான வீடு." உள்ளறையை அளக்கலாமா? "உள்ளறைல என்ன வேலை உனக்கு?"

என் அக்கா மகள் மோர்வன் இரண்டாம் மாடியில் இருக்கிறாள். அவளுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நானே அரைமணி நேரம் விளக்கியிருந்தேன். அவள் வீட்டுக்குப் போனால் அங்கேயும் ப்ளீச்.

"அடியே, சுவர் எப்படி இருக்குன்னு பார்க்கத்தானே வர்றேன்?"

"அதுக்கு? ஆள் வரும்போது அப்படியே போட்டு வைக்கச் சொல்றியா, மாமா? அம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து அறையும்."

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. டப்பியை முன்னறையில் நீட்டினேன், குறித்துக்கொண்டேன், இரண்டு பிஸ்கட் தின்றேன்.

நவம்பர் 19, புதன்

மழை. கீழ்க்கட்டடத்தையே காணோம். யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் போட்டி தீர்ந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

நாசம்.

சர்ச் மண்டபத்தில் முதல் கட்ட முடிவை வாசித்தார்கள். கட்டடத்தில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், சண்டை நடக்கும் என்று வாசனை பிடித்து. ரொவீனா திரையில் காட்டினாள்: எங்கள் கட்டடத்து வீடுகளின் சராசரி வெப்பம், ஈரம், குடியிருப்போரின் திருப்தி. படத்தைப் பார்த்தால் நாங்கள் கிரீனக்கில் இல்லை, மத்தியதரைக் கடலோரத்தில் ஆலிவ் மரத்தடியில் படுத்திருக்கிறோம்.

ஆர்பக்கிள் எழுந்தான். கல்யாண வீட்டுக்கு வந்தவன் போல் முகம். "நான் சொன்னதுதானே? சுவத்துல கோளாறு இல்ல. சில வீட்ல ஈரம் இருந்தா அது அவங்கவங்க பழக்கம். அப்போ கீழ்க்கட்டடத்துக்கு முன்னுரிமை கொடுக்கறதுதான் நியாயம்."

செங்கா எழுந்தாள். அவள் எழுந்தால் நாற்காலிகள் தாமாகவே நகர்ந்து வழிவிடும். ஆர்பக்கிளைத் திட்டுவாள் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இந்த அட்டை மாட்டின ஆந்தைதான் எழுதினது! ஏன்டா, உன் வீட்டுக் குளியலறையில வழியறது தண்ணியா, தேனாடா? எத்தனை வருஷமா நான் சங்கத்துக் கதவைத் தட்டறேன்? நீ நாலு பிஸ்கட்டுக்கு எங்க எல்லாரையும் வித்துட்டியே!"

"நீதான் எனக்குக் கதவே திறக்கலையே!"

"திறந்திருந்தா என்னையும் வித்திருப்ப!"

சிரிப்பு, கூச்சல். யாரோ ஒரு பிஸ்கட்டை என்மீது எறிந்தார்கள். செர்ரி வைத்தது. சட்டையில் ஒட்டிக்கொண்டது. பதக்கம் மாதிரி.

வெளியே வரும்போது அவள் நின்று இருமிக்கொண்டிருந்தாள். நிறுத்தாத இருமல். நான் கிட்டே போனதும் கையை ஓங்கினாள். அப்புறம் வேறு குரலில் சொன்னாள்: "ஒருத்தன் மேடையேறி செங்கா ரென்னி வீடு அழுக்கு, அதான் ஈரம்னு சொல்லாம சொல்லிட்டான். நான் செத்தா என் சவப்பெட்டியத் தூக்கறவன்கூட அதான் நினைப்பான்."

டிசம்பர் 3, புதன்

ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் குளியலறைக்குப் போனேன். ஆஸ்திரேலியா திரும்பி வந்திருந்தது, வெள்ளைப் பூச்சைக் கிழித்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் மண்டையில் இடி இறங்கியது.

எல்லோரும் துடைத்திருக்கிறார்கள்! எல்லோரும் ஹீட்டர் போட்டிருக்கிறார்கள்! ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டுப் போனேனே - வருஷம் பூராவும் நடுங்கிக்கொண்டிருக்கிற சனம் நான் வருகிற ஒரு நாளைக்காக வீட்டை அரண்மனையாக்கி வைத்திருக்கிறது. நான் அரண்மனைகளை அளந்திருக்கிறேன். முதல் அரண்மனை என்னுடையது.

ரொவீனாவுக்குப் போன் போட்டேன். அந்த அளவையெல்லாம் குப்பையில் போடச் சொன்னேன்.

"உங்களுக்குப் பிடிக்கலைங்கறதுக்காகத் தரவைத் தூக்கிப்போட முடியாது, லாக்லன்."

"பிடிக்கலைன்னு இல்ல, பொய்ம்மா அது! நானே வெள்ளையடிச்சேன்!"

"இதை எனக்கு எப்போ சொல்லியிருக்கணும்?" என்றாள். ஐஸ். வடதுருவத்தில் இந்தக் குரலை வைத்துப் பனிக்கரடிகளைப் பயமுறுத்தலாம்.

அவள் சொன்னதும் சரிதான் என்பதுதான் எரிச்சல். பிறகு சொன்னாள்: டப்பிகளை வீட்டிலேயே இரண்டு மூன்று வாரம் விட்டுவைக்கலாம், அது தானாகவே மணிக்கு மணி அளந்து வைத்துக்கொள்ளும், யாரும் அத்தனை நாள் தொடர்ந்து துடைத்துக்கொண்டிருக்க முடியாது. உள்ளறையில் வைக்க வேண்டும். யாராவது சம்மதித்தால்.

யாராவது சம்மதித்தால். ஹா.

டிசம்பர் 18, வியாழன்

ஒருவரும் சம்மதிக்கவில்லை. இன்று மட்டும் நான் வாங்கியவை: சங்கத்து நாய். ஒற்றன். ஒட்டுக்கேட்கிற கருவி வைக்கிறவன். "அந்த டப்பி நாங்க பேசறதக் கேக்கும்" என்றான் இரண்டாம் மாடிக்காரன். அவன் பேசுவதை அவன் நாயே கேட்பதில்லை.

மோர்வன் சம்மதிக்க வந்தாள், பிறகு பின்வாங்கினாள். "படுக்கையறைக்குள்ள வேண்டாம் மாமா. அந்தச் சுவரை நீகூடப் பார்க்க வேண்டாம்."

எல்லோர் வீட்டிலும் ஒரு சுவர். எல்லோரும் மறைக்கிறார்கள். ஈரமாயிருக்கிறது என்று சொல்லப் பயமில்லை இவர்களுக்கு. தெருவில் நின்று கத்துவார்கள், சங்கத்தைக் கிழிப்பார்கள். காட்டத்தான் மாட்டார்கள். காட்டினால் அது சங்கத்தின் சுவராக இருக்காது, தங்கள் அழுக்காகிவிடும். எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? இவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து ஆற்றில் தள்ள வேண்டும். கடைசியாக நானும் குதிக்க வேண்டும்.

என் வீட்டில் ஒரு டப்பி வைத்தேன். ஒரு வீட்டை வைத்து என்ன நிரூபிப்பது? "ஆராய்ச்சி உதவியாளரே உற்பத்தி செய்த ஈரம்" என்பான் ஆர்பக்கிள்.

ஜனவரி 8, வியாழன்

மதியம் செங்காவின் கதவு திறந்தே கிடந்தது. அவள் கதவு திறந்து கிடப்பது, ஆறு மேல்நோக்கி ஓடுவது மாதிரி. உள்ளே எட்டிப்பார்த்தேன். முன்னறையில் நாற்காலியில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள். மூச்சு ஊதல் சத்தம் வாசல் வரை வந்தது. ஆம்புலன்சுக்கு அவளே சொல்லியிருந்தாள்.

"ஏன்டா நிக்கற. வந்து அந்தப் பையை எடு. உள்ளறைல, கட்டில் மேல."

உள்ளறைக்குப் போனேன்.

அங்கே யாரும் தூங்கி வருடமாகியிருக்கும். கட்டில் சுவரிலிருந்து நடு அறைக்கு இழுத்து விடப்பட்டிருந்தது. சுவர் தரையிலிருந்து என் தோள் வரை கறுப்பு. தாளெல்லாம் உரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. ஆனால் அந்தக் கறுப்புக்கு நடுவே கை எட்டுகிற உயரம் வரை தேய்த்துத் தேய்த்துச் சுண்ணாம்பே வெளியே வந்த வட்டங்கள். மூலையில் வாளி, பிரஷ், ப்ளீச் பாட்டில்கள். வரிசையாக. இந்த மனுஷி தினமும் தேய்த்திருக்கிறாள். தினமும் அது திரும்பி வந்திருக்கிறது. முன்னறை நாற்காலியில் ஒரு தலையணை இருந்தது. இப்போது புரிந்தது, அது ஏன் என்று.

பையோடு வந்தேன். அதை அவள் காலடியில் வைத்தேன்.

"பார்த்துட்ட இல்ல. போ, ஊரெல்லாம் தமுக்கடி."

"அடிக்க மாட்டேன்."

"அடிக்காம இருந்தாதான் அதிசயம்." இருமினாள். இருமி முடித்து, "அந்த டப்பி எங்க?" என்றாள்.

"எந்த டப்பி?"

"ஊரெல்லாம் தூக்கிட்டுத் திரிஞ்சியே. கொண்டாந்து வை. நான் ஆஸ்பத்திரியில இருப்பேன், அங்கேர்ந்து லார்க்ஸ்ல தங்கச்சி வீட்டுக்கு. இங்க யாரும் கெட்டில் போடப் போறதில்ல, துணி காயப்போடப் போறதில்ல, மூச்சு விடப் போறதில்ல. ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு அப்போ பார்க்கட்டும் அந்த ஆர்பக்கிள் பய."

சாவியை நீட்டினாள். என் கையில் வைக்கவில்லை, பையின்மேல் வைத்தாள்.

"ஏதாவது தொட்ட, வந்து கையை ஒடிப்பேன்."

ஆம்புலன்ஸ்காரன் வந்து அவளைத் தூக்கினான். மெதுவாகத் தூக்கச் சொல்லி அவனையும் திட்டிக்கொண்டே போனாள்.

ஜனவரி 9, வெள்ளி

ரொவீனா எடின்பரோவிலிருந்து அவளே வந்துவிட்டாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. உள்ளறையைப் பார்த்தாள். "அடக் கடவுளே" என்றாள், இஸ்திரி கலைந்த குரலில்.

பிறகு வேலை. ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனால் "குளிர்ந்த வீடு, அதான் ஈரம்" என்பார்கள். அதனால் ஹீட்டர் ஒரே சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும், மின்சாரச் செலவு பல்கலைக்கழகத்துடையது. உள்ளறையில் ஒரு டப்பி, முன்னறையில் ஒன்று. நான் தினமும் வந்து ஹீட்டர் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

"மட்டும், லாக்லன். வேற எதுவும் செய்யக் கூடாது. அங்க யாருமே இல்லைங்கறதுதான் விஷயமே."

"டாக்டர், நான் ஆவி மாதிரி வந்து போவேன்."

ஜனவரி 20, செவ்வாய்

இதை இங்கே எழுதுகிறேன், வேறெங்கும் சொல்லப் போவதில்லை.

என் வீடு ஐஸ்பெட்டி. செங்கா வீட்டு முன்னறையோ பல்கலைக்கழகச் செலவில் வெதுவெதுப்பு. ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கப் போனவன், கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன். ஹீட்டர் ஓடுவதை நின்றுகொண்டு பார்த்தால் நம்பகத்தன்மை போதாது. உட்கார்ந்து பார்த்தால் தாகம் எடுக்கிறது. கெட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. பாவம், அதுவும் எத்தனை நாள் சும்மா நிற்கும்?

கண்ணாடி அலமாரியிலிருந்து பூப்போட்ட கோப்பை. டப்பாவில் வெண்ணெய் பிஸ்கட். ஜன்னலில் ஆறும் மழையும். சண்டை போட ஆளில்லாத செங்கா வீட்டில் மன்னனைப் போல் உட்கார்ந்து குடித்தேன். நேற்றும் குடித்தேன். முந்தா நாளும்.

நல்ல தேநீர். அதைக் குடிக்கும்போதுதான் தோன்றியது - இந்தக் கோப்பையில் அவள் கடைசியாக எப்போது குடித்திருப்பாள்? விருந்தாளிக்காக வைத்த கோப்பை. விருந்தாளியை உள்ளே விடாத வீடு.

கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு துப்பும் கிடைக்காது.

பிப்ரவரி 3, செவ்வாய்

செங்கா வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். வாய் இளைக்கவில்லை. சாவியைக் கேட்டாள், கொடுத்தேன். "இந்த வாரம் படிக்கட்டு உன் முறை. கழுவிருக்கற லட்சணத்தப் பாரு" என்றாள். டப்பிகளை ரொவீனா எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 12, வியாழன்

ரொவீனா போனில். முதல்முறையாக அவள் குரலில் சந்தோஷம். ஆளில்லாத வீட்டில், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளறை ஈரம் நனைந்த துணிமாதிரி நாள் தவறாமல் உச்சத்திலேயே நின்றிருக்கிறது. மழை பெய்த நாளில் இன்னும் ஏறியிருக்கிறது. "இது சுவர்தான், லாக்லன். சுவரேதான்."

பிறகு: "முன்னறை ஈரக் கோட்டுல மட்டும் சில நாள் மதியம் சின்னச் சின்ன மேடு தெரியுது. ஒரே நேரத்துல. ஏன்னு புரியல. யாராவது உள்ள போனாங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான்தான், ஹீட்டர் பார்க்க."

"அதுக்கு இவ்வளவு ஏறாது. ஒருவேளை மதியம் வெயில் பட்டு ஏதாவது..."

"வெயில்தான்!" என்றேன். "அந்த ஜன்னல்ல வெயில் பாருங்க, சுட்டெரிக்கும்!"

ஐயோ.

மார்ச் 5, வியாழன்

தூங்குமுன் எழுதிவிடுகிறேன்.

அதே மண்டபம். இந்த முறை எல்லோரும் வந்திருந்தார்கள். செங்கா முதல் வரிசையில், நல்ல தொப்பியோடு. தன் வீட்டு அளவை எல்லோர் முன்னாலும் காட்டச் சம்மதித்திருந்தாள். அந்த உள்ளறைச் சுவரின் புகைப்படத்தையும். ரொவீனா அதைத் திரையில் போட்டபோது செங்கா திரையைப் பார்க்கவில்லை. எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தாள், எவன் முகம் சுளிக்கிறான் என்று. ஒருத்தனும் சுளிக்கவில்லை. இரண்டாம் மாடிக்காரன் மெதுவாக, "எங்க வீட்லயும் அதே சுவர்தான்" என்றான். பின்னாலிருந்து மோர்வன், "எங்க வீட்லயும்."

அப்போது ஆர்பக்கிள் எழுந்தான். முட்டாள் இல்லை அவன். அதுதான் சனியன்.

"வீடு காலின்னு சொன்னீங்க. முன்னறைக் கோட்டுல இந்த மேடெல்லாம் என்ன?"

"மதிய வெயிலாக இருக்கலாம்னு எங்க உதவியாளர் சொன்னார்" என்றாள் ரொவீனா.

"வெயிலா?" மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். "கிரீனக்ல? ஜனவரியில?"

மொத்தக் கூட்டமும் சிரித்தது. எங்கள் ஆட்களே சிரித்தார்கள், துரோகிகள். எவ்வளவு முயன்றும் அடக்க முடியவில்லை அவர்களால். எடின்பரோக்காரி சிவந்து போனாள்.

"யாரோ அந்த வீட்ல இருந்திருக்காங்க" என்றான் ஆர்பக்கிள், சிரிப்பு அடங்கியதும். "சமைச்சிருக்காங்க, தங்கியிருக்காங்க. அப்போ இந்த அளவு மொத்தமும் செல்லாது. மிஸஸ் ரென்னி ஊர்ல இல்லைங்கறதுக்கே என்ன அத்தாட்சி?"

செங்கா எழுந்து நின்றாள். வாய் திறந்தாள். இருமல் வந்துவிட்டது. பேச முடியவில்லை. அவளைப் பொய்க்காரி என்கிறான், அவளால் பதில் சொல்ல முடியவில்லை - அந்த ஈரத்தாலேயே.

என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்தன.

"நான்தான்."

"என்ன நீ?"

"நான்தான் கெட்டில் போட்டேன். மதியம் மதியம். அவ வீடு சூடா இருந்துச்சு, என் வீடு இல்ல. உட்கார்ந்து டீ குடிச்சேன். வேற யாரும் இல்ல. செங்கா லார்க்ஸ்லதான் இருந்தா." பிறகு எதற்கென்று தெரியவில்லை, "பிஸ்கட்டும் தின்னேன்" என்றேன்.

செங்கா தலையைத் திருப்பினாள். ரொம்ப மெதுவாக. பீரங்கி திரும்புகிற மாதிரி.

"எந்தக் கோப்பையில?"

"பூப்போட்டது."

மண்டபம் "ஓ..." என்றது, காற்பந்தில் கோல் தவறியது மாதிரி.

ரொவீனா என்னைப் பார்த்த பார்வையில் நான் கருகிச் சாம்பலாகி ஒருமுறை பறந்தேன். ஆனால் அவள் உட்கார்ந்துவிடவில்லை. திரும்பித் திரைக்குப் போனாள். முன்னறைக் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"அப்போ இதுதான் கெட்டில்" என்றாள். "நல்லாப் பாருங்க, மிஸ்டர் ஆர்பக்கிள். ஏறுது. கொஞ்ச நேரத்துல இறங்கிப் பழைய இடத்துக்கே வந்துடுது. உள்ளறைல ஒரு அசைவும் இல்ல. நீங்க இத்தனை வருஷமா குத்தம் சொன்ன கெட்டில் இவ்வளவுதான்." விரலை மேலே, உள்ளறைக் கோட்டுக்கு நகர்த்தினாள். அது உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தது, இறங்கவே இறங்காமல். "இது யாருமே தொடாத சுவர்."

ஆர்பக்கிள் உட்கார்ந்துவிட்டான்.

கைதட்டல் இல்லை. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

மார்ச் 6, வெள்ளி

ரொவீனா போன் போட்டு நான் பொய் சொன்னதைப் பற்றி நிதானமாக, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல், ஒருமணி நேரம் பேசினாள். செங்கா திட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், இவ்வளவு வலித்திருக்காது. வேலையிலிருந்து தூக்குவாள் என்று காத்திருந்தேன். "இதுக்கு அப்புறமும் உங்களை வச்சிருக்கறது என் முட்டாள்தனம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

செங்கா என்னிடம் பேசவில்லை. கதவு வழியாக அந்தப் பூப்போட்ட கோப்பையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. வேண்டுமென்றே கேட்கும்படி எடுத்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

எங்கள் கட்டடம். முடிவாகிவிட்டது. கீழ்க்கட்டடத்துக்கு அடுத்த வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள். கீழ்க்கட்டடத்துக்காரர்கள் இனி என்னைக் கண்டால் செங்கல்லால் அடிப்பார்கள். நியாயம்.

மே 19, செவ்வாய்

சாரம் கட்டி மேல்மாடி வரை ஏறிவிட்டார்கள். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன், ஜன்னலுக்கு வெளியே ஒருத்தன் நின்றுகொண்டு "காலை வணக்கம்" என்றான். செங்காவின் உள்ளறைச் சுவரை முதலில் பிரித்தார்கள். உள்ளே கல்லும் கல்லும் சேருமிடத்தில் விரல் விடுகிற அளவு சந்து, அதற்குள் கட்டிய காலத்திலிருந்து மழை. அவள் அந்தச் சந்தைப் பார்ப்பதற்காகத் தெருவில் போனவரையெல்லாம் உள்ளே இழுத்து வந்தாள். தபால்காரரைக்கூட.

கீழ்க்கட்டடத்தில் ஆராய்ச்சி இன்று தொடங்கியது. ரொவீனா இன்னொரு பகுதிநேர உதவியாளரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். யாரென்று என்னிடம் சொல்லவில்லை. அங்கே படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றால், கழுத்தில் அட்டையோடு செங்கா. படத்தில் அவளும் கோழி திருடிதான்.

"வாயைத் திறந்த, தள்ளிவிட்டுடுவேன்" என்றாள்.

முதல் கதவைத் தட்டினாள். கதவு விரலளவு திறந்து, உள்ளேயிருந்து ஒரு ஆளின் கரகரத்த குரல்: "மேல்கட்டடத்து ஆளா? எங்க முறையைத் திருடிட்டு இப்போ வேவு பார்க்க வந்தியா? தொலை!"

கதவு அவள் முகத்தில் அறைந்து மூடியது. அவள் முகம் எப்படிப் பிரகாசமானது என்று ஊருக்குச் சொல்ல எனக்குத் தமுக்கு போதாது. குனிந்து தபால் துவாரத்தைத் திறந்து, அதற்குள் வாயை வைத்தாள்.

"டேய் ஆங்கஸ், நீ அஞ்சு வயசுல என் சூப்பைத் துப்பினவன்தானே? நானும் உன்னை மாதிரித்தான்டா கதவைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்திருந்தேன். ரெண்டு வருஷம் நாற்காலியில தூங்கினேன். இப்போ நெஞ்சு பாதிதான் வேலை செய்யுது, டாக்டர் சொல்லிட்டாரு. மீதிப் பாதிய வச்சு உன்கிட்டக் கத்த வச்சிடாத. உன் உள்ளறைச் சுவர் எனக்குத் தெரியும். திற."

அவள் இருமினாள். துவாரத்திலிருந்து வாயை எடுக்கவில்லை.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

அவள் உள்ளே போனாள். நான் பின்னால் போகக் காலெடுத்தேன். திரும்பி, என் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினாள்.

"நீ இங்கயே நில்லு."

நின்றேன். அந்தப் படிக்கட்டிலும் சுவர் ஈரமாக இருந்தது. கதவு திறந்தே இருந்தது. உள்ளறைப் பக்கம், கட்டிலைச் சுவரிலிருந்து இழுக்கிற சத்தம் கேட்டது.